படம் பிறக்கிற அறை

டோக்கியோ போகிறவர்கள் கோபுரம், கோயில், கடைத்தெரு என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குழந்தைகளோடு போகிறீர்களா? அரை நாளை மிடாகாவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். ஷின்ஜுகுவிலிருந்து மின்சார ரயிலில் இருபது நிமிஷம். ஸ்டேஷனில் இறங்கி, வாய்க்கால் கரையோரமாக மர நிழலிலேயே நடந்தால் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ‘கால் வலிக்குது’ என்று சிணுங்குகிற வாண்டு இருந்தால் சின்ன பஸ்ஸும் ஓடுகிறது. பூங்காவின் ஓரத்தில் இருக்கிறது ஜிப்லி மியூசியம். ‘டோட்டோரோ’, ‘ஸ்பிரிட்டட் அவே’ போன்ற கார்ட்டூன் படங்களை எடுத்த ஸ்டூடியோ ஜிப்லியின் மியூசியம் இது. 2001-ல் திறந்தார்கள்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும், வாசலில் டிக்கெட் கிடையாது! தேதியும் நேரமும் குறித்து முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி அடுத்த மாதத்து டிக்கெட் விற்பனை. பெரியவர்களுக்கு 1000 யென், நாலு வயது நிரம்பாத குழந்தைக்கு இலவசம். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. (நல்லதாப் போச்சு, ஒரு நாளாவது கண்ணால் பார்ப்போமே!)

பஞ்சு மெத்தை மாதிரி ஒரு பூனை பஸ் இருக்கிறது. ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் வரைதான் ஏறலாம். மொட்டை மாடியில் ஐந்து மீட்டர் உயர ரோபோ நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதுவே போதும். நான் நின்றுவிட்டது வேறு இடத்தில்.

‘படம் பிறக்கிற இடம்’ என்று பெயர் வைத்து ஐந்து சின்ன அறைகள். முதல் அறையில் ஒரு மேஜை, பென்சில்கள், வர்ணங்கள், புத்தகக் குவியல், சுவர் தெரியாமல் ஒட்டிய படங்கள். ஆள்தான் இல்லை. நாடகத்தில் திரை தூக்கிய பிறகு, நடிகர் வருவதற்கு முன்னால் மேடை ஒரு நிமிஷம் சும்மா இருக்குமே, அப்படி.

“ஏம்மா, வரையறவங்க காபி குடிக்கப் போயிருக்காங்களா?” என்றான் என் பையன், குரலைத் தாழ்த்தி.

அடுத்த அறைகளில் அந்த உழைப்பைப் பார்க்கலாம். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். 1997-ல் வந்த ‘பிரின்சஸ் மோனோநோகே’ படத்துக்கு மட்டும் சுமார் 1,44,000 படங்கள்! கண்ணாடி போன்ற தாளின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் வர்ணம். மார்கழிக் கோலத்தில் ஒரு இழை தப்பினாலே நமக்கு எரிச்சலாக வருகிறது. இந்த வர்ணம் தீட்டும் வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான். எந்தப் புல்லுக்கு எந்தப் பச்சை என்று பல ஜிப்லி படங்களுக்கு முடிவு செய்தவரும் ஒரு பெண், மிச்சியோ யாசுதா. 2016-ல் காலமானார்.

காலி நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு அகெமி ஓட்டாவின் நினைவு வந்தது. டைரக்டர் ஹயாவோ மியாசாகியின் மனைவி. டோயே கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த ஓவியர். 1965-ல் கல்யாணம். குழந்தை பிறந்தாலும் இரண்டு பேரும் வேலைக்குப் போவது என்று பேச்சு. 1967-ல் கோரோ பிறந்தான். பகலில் குழந்தைகள் காப்பகம். ஒருநாள் வீடு திரும்பும் வழியில் பிள்ளை சோர்ந்து நடப்பதைப் பார்த்த மியாசாகி, இனி இப்படி முடியாது என்று தீர்மானித்தார். வேலையை விட்டது அகெமி. யார் விடுவது என்று கேள்வியே எழவில்லையா? நமக்குத் தெரிந்த கதைதானே!

அதே கம்பெனியில் ரெய்கோ ஒக்குயாமா விடவில்லை. கணவரும் ஓவியர்தான். குழந்தை பிறந்த பிறகும் வரைந்தார். அவர் வாழ்க்கையைத் தழுவிய கதாநாயகி, 2019-ல் ஜப்பான் டி.வி.யில் வந்த ‘நாட்சுசோரா’ காலைத் தொடரில் காப்பகத்தில் இடம் கிடைக்காமல் தவிப்பாள். பென்சில் பிடிக்கிற கைக்கு முதலில் வேண்டியது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கை.

கோரோ வளர்ந்து, இந்த மியூசியத்தின் முதல் இயக்குநரானார். மிடாகாவிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி, ஹிகாஷி கொகனெயில் ஸ்டூடியோ இருக்கிறது. அதன் பக்கத்தில் ‘மூன்று கரடிகளின் வீடு’ என்று ஊழியர்களின் குழந்தைகளுக்கு ஒரு காப்பகம். அதைத் திறந்தது 2008-ல், கோரோவுக்கு 41 வயதானபோது.