சத்தம் போச்சா சாமி?

ஆயுத பூஜையை ஒட்டி மூன்று நாள் விடுமுறை. கோவை சிங்காநல்லூரில் அந்த வீட்டு வாசலில் நின்ற காரின் கதவுகள் எல்லாம் காலையிலேயே திறந்து கிடந்தன. பூஜைக்குக் காரைக் கழுவுகிறார்கள் என்றுதான் பக்கத்து வீட்டில் நினைத்தார்கள். ஆனால், மகன் கையில் இருந்தது வாளி இல்லை, ஸ்க்ரூ டிரைவர்.

அவருக்கு வயது 44. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பத்து வருஷப் பழைய கார். கம்பெனியோடு வந்த ஸ்பீக்கரில் பாட்டு கேட்டால், தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ பாடுவது போலிருக்கும். அதனால் முன் கதவுகளுக்கு ஆறரை இன்ச் ஸ்பீக்கரும், டிக்கியில் வைக்க ஒரு நாலு சேனல் ஆம்ப்ளிஃபையரும் வாங்கிவிட்டார். கடையில் ஃபிட்டிங் சார்ஜ் சொன்னதும் மலைத்துப்போய், 'நாமே போட்டுக்கலாம்' என்று வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

வாசல் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் அவருடைய அப்பா. வயது 76. ஒரு ஸ்பின்னிங் மில்லில் 32 வருஷம் எலக்ட்ரீஷியன். வீட்டில் ஒரு ஃபேன் நின்றாலும் முதலில் எழுந்து வருபவர். ஆனால், கடந்த மூன்று வருஷமாக ஆள் மாறிப்போயிருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. கூட்டமாக உட்கார்ந்து பேசினால் எழுந்து போய்விடுவார். டி.வி மட்டும் தெருவுக்கே கேட்கும்.

"மாமாவுக்கு நம்ம மேல என்னமோ கோவமுங்க. அத்தை போனதுல இருந்தே இப்படித்தான்" என்பார் மருமகள். மகனுக்கும் மனசுக்குள் அதே எண்ணம்தான்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை பவர் வயர், இன்னொரு பக்கமாக ஸ்டீரியோவிலிருந்து பாட்டு வரும் வயர், டிக்கித் தகட்டில் ஒரு போல்ட் வைத்து எர்த். சாவியைத் திருப்பிப் பாட்டைப் போட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. தபேலா ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து தட்டியது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். பாட்டுக்குப் பின்னால் 'ஙொய்ய்ங்' என்று ஒரு இரைச்சல். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது கூடவே ஏறி, கொசு காதுக்குள் புகுந்தது போலக் கீச்சிட்டது. விட்டால் இறங்கியது.

ஸ்டீரியோவிலிருந்து வரும் வயரைக் கழற்றிப் பார்த்தார். இரைச்சல் நின்றது. 'அப்போ வயர்தான் கெட்டது' என்று புது வயர் வாங்கி வந்தார். அதே சத்தம். அடுத்து, கடைக்காரர் சொன்னாரென்று ஒரு ஃபில்டர். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

அப்போதுதான் அப்பா எழுந்து வந்து ஜன்னல் வழியே தலையை நீட்டினார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார். "வண்டி சும்மா நிக்கறப்பத்தான் லேசா இரையுது. ரேஸ் பண்ணினா நின்னு போகுதே சாமி."

பகல் பூராவும் குனிந்து நிமிர்ந்த எரிச்சல் மகனுக்கு. "ரேஸ் பண்ணினாத்தானுங்கப்பா அதிகமாகுது! இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. போய் உட்காருங்க."

அப்பா எதுவும் சொல்லவில்லை. போய் உட்கார்ந்துவிட்டார்.

பின் சீட்டில் இருந்த மகள், பத்தாம் வகுப்புப் படிப்பவள், இதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போனை எடுத்துக்கொண்டு தாத்தாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்பாரு, ஒரு விளையாட்டு. சத்தம் கேட்டாக் கையத் தூக்கோணும்."

போனில் ஒரு ஆப். 500 ஹெர்ட்ஸ் வைத்தாள், கை உயர்ந்தது. 1,000, உயர்ந்தது. 2,000; யோசித்து யோசித்து உயர்ந்தது. 4,000 வைத்தபோது அடுத்த அறையிலிருந்த அம்மா, "காது கூசுது, நிறுத்துடி" என்று கத்தினார். தாத்தாவின் கை மடியிலேயே இருந்தது. "வெச்சுட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகனுக்குத் தொண்டையை அடைத்தது. ஆல்டர்னேட்டர் இரைச்சல் இன்ஜின் வேகத்தோடு மேலே ஏறும். ஏற ஏற அது அப்பாவின் காது எட்டும் எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறது. 'நின்னு போகுதே' என்று அவர் சொன்னது உளறல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே நின்றுதான் போயிருக்கிறது.

மறுநாள் காலை மகனே நாற்காலி அருகில் போய் நின்றார். கொஞ்சம் குனிந்து, முகத்துக்கு நேராக, நிதானமாகச் சொன்னார். "அப்பா, நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க. எனக்குத் தெரியல. நீங்க கொஞ்சம் பாக்கறீங்களா?"

அப்பா உள்ளே போய் மல்டிமீட்டரோடு வந்தார். முதல் கேள்வியே, "ஃபியூஸ் எங்க போட்டிருக்கறே?"

"ஆம்ப்ளிஃபையர் பக்கத்துலங்க."

"அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பாத்தும். நடுவுல வயர் உரசித் தகட்டுல பட்டா, காரை யார் காப்பாத்துவா? பேட்டரியில இருந்து ஒரு முழத்துக்குள்ள ஒரு ஃபியூஸ் இருக்கோணும்."

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பாட்டைப் போடச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், நீள வயர் சேர்த்த மறுமுனையை ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனையிலும் வைத்தார். கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்ட வேண்டிய இடத்தில் அரை வோல்ட் காட்டியது.

"போன கரண்ட் திரும்பி வரோணும் சாமி. அதுக்கு வழி சரியில்லைன்னா, கெடச்ச சந்துல பூந்து வரும். இங்க பாட்டு வர்ற வயருல பூந்து வருது. அதான் அதைக் கழட்டுனா நிக்குது. வயர் மேல தப்பில்ல."

இன்ஜினை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, டிக்கியில் இருந்த போல்ட்டைத் திருகி எடுத்தார். அடியில் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. பெயின்ட் மேல் எர்த் வைத்தால் எப்படிப் பிடிக்கும்? உப்புத்தாளை மடித்து, வெள்ளைத் தகடு தெரியும் வரை தேய்த்தார். போல்ட்டை இறுக்கி, துருப் பிடிக்காமலிருக்க மேலே கிரீஸ் தடவினார். பேட்டரி பக்கத்தில் புது ஃபியூஸும் ஏறியது. நெகட்டிவை மாட்டினார்கள்.

மகன் ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பாட்டு மட்டும்தான் கேட்டது.

அப்பா ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சத்தம் போச்சா சாமி?"

"போயிருச்சுங்கப்பா."

விடுமுறை முடிந்ததும் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனார்கள். ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். கோடு முதலில் சமமாகப் போய், 2,000 தாண்டியதும் சரிந்து விழுந்தது. வயது ஒரு காரணம். பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு மெஷின் இரைச்சலில் நின்ற 32 வருஷம் இன்னொரு காரணம் என்றார் டாக்டர். அந்தப் பஞ்சு போதவே போதாதாம். ச, ஸ, த போன்ற ஒலிகள் மேல் ஸ்தாயியில் இருப்பவை. அதனால், பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. நாலு பேர் ஒன்றாகப் பேசினால் சுத்தமாகப் புரியாது. கத்திப் பேசுவதைவிட முகம் பார்த்து நிதானமாகப் பேசுவதே உதவும் என்றார்.

"கோவம்னு நெனச்சுட்டனே" என்று மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்கதான் எல்லாரும் மெதுவாப் பேச ஆரம்பிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார் மாமா.

காது மெஷின் மாட்டிக்கொண்டு வீடு திரும்பிய அன்று, அவர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். புது ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மகன் சத்தத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார். திருச்சி ரோட்டில் திரும்புவதற்காக வண்டி நின்றபோது, அப்பா திடுக்கிட்டு டேஷ்போர்டைப் பார்த்தார்.

"இதென்ன சாமி, டிக் டிக்குன்னு? எங்கியோ லூஸ் கனெக்‌ஷனா?"

"இண்டிகேட்டருங்கப்பா."

"இது எப்பவும் கேக்குமா?"

"எப்பவும் கேக்குமுங்க."

மகன் கை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். சிக்னல் மாறும் வரை அந்த டிக் டிக்கை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.