சீதன வீட்டில் ஒரு மேசை

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரைக்கும் எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்த கையோடு வாப்பாவுக்கு அந்த யோசனை தொடங்கிவிடும். கலியாணம் முடிந்தால் பெண் புறப்பட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ச்சி செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008 இல் வெளியிட்ட நூலில், இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் ஒருசேரக் கைக்கொள்ளும் இந்தத் தாய்வழி வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீடுகளில் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் ஆண்களின் பெயரை எழுதிக்கொண்டு போனபோது, அப்படியென்றால் பெண்ணின் வீட்டுரிமை என்னாவது என்ற கேள்வி எழுந்தது இதனால்தான்.

வீட்டு உறுதியில் பெண்ணின் பெயர் இருக்கிறது, சரி. அந்த வீட்டுக்குள் அவள் ஒரு மேசை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விருந்தாளியை உட்கார்த்த ஹோல் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் படுக்க அறை இருக்கும். போகத்துக்குப் போகம் நெல் மூட்டை அடுக்கவும் ஒரு மூலை இருக்கும். படித்துப் பட்டம் வாங்கிய மகள் உட்கார்ந்து வேலை செய்ய ஓர் அறை என்று எங்கள் ஊர்களில் வீடு கட்ட வரையும் படம் எதிலும் நான் கண்டதில்லை.

என் மகள் கொழும்பிலுள்ள நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறாள். 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்களே, அதோடு வீட்டுக்குள் வந்த வேலை அது, திரும்பிப் போகவில்லை. கல்முனைக்கு ரயில் கிடையாது, மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கொழும்பு என்றால் இரவு முழுக்க பஸ். ஆகவே இது அவளுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. எழுபதுகளின் கடைசியிலிருந்து இந்தக் கரையில் எத்தனை உம்மாமார் பால்குடி மறந்த பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு சவூதிக்கும் குவைத்துக்கும் போய் அடுத்தவர் குசினியில் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தாய் வீட்டிலிருந்தே உழைக்கிறாள் என்றால் அதன் அருமை எனக்கு விளங்கும்.

ஆனால் எப்படி உழைத்தாள் என்று பாருங்கள். முதலில் சாப்பாட்டு மேசை. பகல் சாப்பாட்டுக்கு எழும்ப வேண்டும். பிறகு கட்டில், நாரிக்குள் பிடித்துக்கொண்டது. பிறகு தையல் மெஷின் மேல் பலகை வைத்துப் பார்த்தாள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில், கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்று நடுச்சாமத்தில் குசினியில் உட்கார்ந்திருந்தாள். அதே வருடம் ஜூனில் எரிபொருள் இல்லாமல் அரசாங்கமே தன் உத்தியோகத்தரை இரண்டு கிழமை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோதுதான், ஊரில் பலருக்கும் 'வீட்டிலிருந்து வேலை' என்று ஒன்று உண்டு என்பதே தெரிந்தது.

எங்கள் வழக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சகோதரிமாரின் வீடுகள் எல்லாம் ஒரே வளவுக்குள், அல்லது அடுத்தடுத்த வளவில். கடப்பைத் திறந்துகொண்டு ராத்தா வருவா, தங்கச்சி வருவா, சாச்சி வருவா. "வீட்டிலதானே இருக்காய் மகள், இந்தப் புள்ளையக் கொஞ்சம் பாத்துக்க" என்று ஒரு குழந்தையைக் கையில் தந்துவிட்டு சந்தைக்குப் போய்விடுவார்கள். அன்புதான். கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. அந்த அன்புக்கு நடுவில்தான் அவள் மாதக் கணக்கை முடிக்க வேண்டும்.

வீட்டு வேலை எங்களுக்குப் புதிதல்ல என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். என் உம்மா மருதமுனையில் தறி நெய்தவர். சாரனும் சேலையும் வீட்டுக்குள்ளேயே நெய்யப்பட்டன. ஆனால் தறிக்கு ஒரு சத்தம் உண்டு. மிதிகட்டை இறங்கி நாடா ஓடும் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். அது கேட்கும் வரைக்கும் உம்மாவை எவரும் கூப்பிட மாட்டார்கள். வாப்பாவே தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடிப்பார். லெப்டொப்புக்குச் சத்தமில்லை. அதன் முன்னால் இருக்கும் பெண்ணைப் பார்த்தால் போனில் படம் பார்ப்பவளுக்கும் அவளுக்கும் வித்தியாசம் தெரியாது. வேலை என்பது கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்தால்தான் நாங்கள் அதை வேலையென்று ஒப்புக்கொள்வோம். 1977 இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு நாட்டுக் கைத்தறி அடிபட்டுப் போனது. மருதமுனையில் இன்னும் விடாமல் நெய்கிறார்கள், ஆனால் பல வீடுகளில் அந்தச் சத்தம் ஓய்ந்துவிட்டது. அதோடு பெண்ணுக்கு வீட்டுக்குள் இருந்த ஒரு மதிப்பும் ஓய்ந்ததென்று எனக்கு ஓர் எண்ணம்.

சத்தம் இல்லாவிட்டால் கதவாவது வேண்டும். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் புளூமும் கூட்டாளிகளும் சீனாவில் செய்த ஆய்வு ஒன்றை மகள்தான் எனக்குச் சொன்னாள். சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷாங்காய் அலுவலகத்தில், 2010 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம், ஒரு பகுதி ஊழியரைக் கிழமையில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். வேலைத்திறன் 13 வீதம் கூடியது. எல்லோரும் இந்த 13 ஐத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு: அந்தச் சோதனையில் சேர வேண்டுமென்றால் வீட்டில் வேலைக்கென்று தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அத்தனை வசதியும் இருந்தும் ஏறக்குறையப் பாதிப்பேர் பின்னர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை தாங்கவில்லையாம். எங்கள் பிள்ளைகளுக்குத் தனிமை கிடைத்தால் அல்லவா தாங்குவதும் தாங்காததும்!

நெல் மூட்டை இருந்த அறையைத்தான் எடுத்தோம். மூட்டைகள் மருமகனின் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்துக்குப் போயின. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, சந்தோஷம். அறையை அழகுபடுத்த யூடியூபில் ஆயிரம் யோசனை. பிளாஸ்டிக் கொடி தொங்கவிடு, சுவரில் ஆங்கில வாசகம் ஒட்டு, நிறம் மாறும் விளக்குப் போடு. அதிலெல்லாம் காசைக் கொட்டாதே என்று சொன்னேன். இந்தக் கரையில் அறை அமைப்பதென்றால் முதலில் காற்றையும் வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் கடலிலிருந்து நேரே ஏறி முகத்தில் அடிக்கும். மேற்கைத் திறந்தால் சோளக மாதங்களில் மலைநாட்டைத் தாண்டி வரண்டு வரும் கச்சான் காற்று கடுதாசியெல்லாம் பறக்கவைக்கும். உடம்பிலுள்ள தண்ணீரையும் உறிஞ்சும். வடக்கு வெளிச்சம்தான் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். மேசையை அந்த ஜன்னலுக்குப் பக்கவாட்டாகப் போட்டோம். ஜன்னலைப் பார்த்து இருந்தால் கண் கூசும், முதுகு காட்டி இருந்தால் திரையில் வெளிச்சம் விழும்.

மேசையை ஊர் ஓடாவிதான் செய்தார். கடை மேசை அவளுக்கு உயரம். முழங்கை மடங்கும் மட்டத்துக்கு அளவெடுத்து, காலுக்கு ஒரு சின்னப் பலகையும் அடித்துக் கொடுத்தார். லெப்டொப்புக்கு அடியில் என் பழைய அகராதி இரண்டு. திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. அந்த அகராதிகளை ஓய்வு பெற்ற பிறகு எவரும் புரட்டவில்லை, இதற்காவது உதவட்டும். சுவருக்கு வெளிறிய நிறம். திரைச்சீலை மருதமுனைக் கைத்தறித் துணி, அதில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். ஒரு மூலையில் முசல்லா. கதவுக்கு உள்ளே ஒரு கொண்டி. கைபிடியில் சிவப்புத் துணி தொங்கினால் தீப்பிடித்தாலொழியத் தட்டக்கூடாது என்று வீட்டுக்கும் வளவுக்கும் சொல்லிவைத்தோம். ராத்தாமாருக்கு முதலில் முகம் சுருங்கியது. பேரப்பிள்ளைகள்தான் விரைவில் பழகினார்கள். துணி தொங்குகிறதென்று பெரியவர்களையே விரட்டினார்கள்.

அறை சரியாகிவிட்டது. உடம்பு? மனம் கூடி உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்தே இருந்துவிடுவார்கள். இது புது ஆபத்து. லண்டனில் ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் 1953 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரட்டைத் தட்டு பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சாரதிக்கும், படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கொண்டக்டருக்கும் இருதய நோய் எப்படி வருகிறதென்று பார்த்தார். ஒரே பஸ், ஒரே தெரு. சாரதிகளுக்குத்தான் அதிகம் வந்தது. எங்கள் வீடுகளில் சீனி வருத்தமும் பிரஷரும் மாத்திரைப் பெட்டியோடு குடியிருக்கின்றன. வளர்ந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்தக் காலத்தில் நெல் குத்தினோம், தண்ணீர் அள்ளினோம், நோயில்லாமல் இருந்தோம் என்று பெருமை பேச எனக்கு வாய் வராது. உம்மாவின் முழங்காலும் முதுகும் அறுபது வயதில் என்ன பாடுபட்டன என்று கண்டவள் நான். உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. தொழுகையையும் உடற்பயிற்சிக் கணக்கில் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. தொழுகை அல்லாஹ்வுக்கு. ஆனால் லுஹர், அஸர் என்று நேரத்துக்கு எழும்புகிறவள் ஒரே இருப்பாக இருந்து கால் மரத்துப்போக மாட்டாள், அந்த நன்மை உண்மை.

நடக்கலாமே என்பீர்கள். கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒரு நாடா அகல நிலத்தில் நெருக்கியடித்து வாழும் ஊர்கள் இவை. சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் நடக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் சலாம். எல்லோராலும் அது முடிவதில்லை. அதனால் மகள் அதே அறையில், அதே கொண்டியைப் போட்டுக்கொண்டு, ஸும்பா ஆடத் தொடங்கினாள்.

ஸும்பா பிறந்த கதை வேடிக்கையானது. கொலம்பியாவின் கலி நகரத்தில் அல்பேர்ட்டோ பெரெஸ் என்ற இளைஞர், தொண்ணூறுகளில், உடற்பயிற்சி வகுப்புக்குரிய இசை நாடாவைக் கொண்டுவர மறந்துபோனார். பையில் கிடந்த சல்சா, மெரெங்கே பாட்டுகளைப் போட்டுச் சமாளித்தார். வகுப்பு களைகட்டிவிட்டது. 2001 இல் அமெரிக்காவில் இரண்டு கூட்டாளிகளோடு அதை ஒரு நிறுவனமாக்கினார். இன்று உலகமெல்லாம் ஆடுகிறார்கள்.

எங்கள் ஊரில் ஆட்டம் என்றதும் நெற்றி சுருங்கும். இசைக்கருவி கூடாதென்று சொல்லும் உலமாக்களின் கருத்தை நான் மதிக்கிறேன். அந்தக் கருத்துள்ளவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு எண்ணிக்கை சொல்லி ஆடலாம், என் மகளின் சிநேகிதி ஒருத்தி அப்படித்தான் செய்கிறாள். காலை எடுத்து வைப்பதற்குப் பாட்டுக் கட்டாயமில்லை. ஆனால் பெண் உடம்பை அசைப்பதே அடக்கக்கேடு என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆயிஷா நாயகி நபிகளாரோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதலில் தாம் வென்றதும், பின்னொரு நாளில் உடம்பு பெருத்தபோது தோற்றதும் அபூதாவூதில் இருக்கிறது. எங்கள் கலியாண ஊர்வலத்தில் ஆண்கள் களிகம்படித்துச் சுற்றி வந்ததையும், உள்ளே பெண்கள் குரவையிட்டுக் கும்மியடித்ததையும் பார்த்து வளர்ந்தவள் நான். அதையெல்லாம் எவரும் கேடு என்று சொல்லவில்லை.

தொடங்குகிறவர்களுக்கு நான் கண்ட சிலதைச் சொல்கிறேன். காலை வேலைக்கு முன் செய்துவிட வேண்டும். மாலை என்று தள்ளினால் மஃரிபும் பிள்ளைகளின் பாடமும் சேர்ந்து விழுங்கிவிடும். டைல்ஸ் நிலத்தில் காலுறை மட்டும் போட்டு ஆடக்கூடாது, வழுக்கும். அடி பிடிக்கும் சப்பாத்து வேண்டும். ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த அளவு போதும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் நெஞ்சு நோவு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். என் வயதுக்காரர் குதிக்கவே கூடாது. நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் கால் தூக்கி வைக்கிறேன், கை வீசுகிறேன். பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இப்போது மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். அத்திவாரம் போடுவதற்கு முன் மேசனைக் கூப்பிட்டு, படத்தில் வடக்குப் பக்கமாக ஓர் அறை சேர்க்கச் சொல்லுங்கள். பத்தடிக்குப் பத்தடி போதும். அகலமான ஜன்னல், சுவரில் இரண்டு பிளக், உள்ளே கொண்டி வைத்த கதவு. அந்த அறையில் நெல் மூட்டை வைக்காதீர்கள்.