காதடியிலிருந்து நாவடி வரை

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பிச்சிக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறியது. விழுங்கும் பயிற்சி கொடுக்க வந்த பெண், அவருடைய தாடைக்குக் கீழே நான்கு விரல்களையும் வரிசையாக வைத்து, "எச்சிலை முழுங்குங்கய்யா" என்றார். பிறகு என் விரலை எடுத்து அதே இடத்தில் வைத்தார். உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக அசைந்து, பாதியிலேயே இறங்கிவிட்டது. "இந்த எலும்பு மேலயும் முன்னாலயும் நல்லா நகரோணுங்க. அது நகர்ந்தாத்தான் குரல்வளை கூட எழும்பி மூச்சுப்பாதை மூடும், உணவுக்குழாய் திறக்கும்" என்றார். அன்றிலிருந்து அப்பிச்சி தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரல்களைப் பார்க்கப் பழகினார். தாடைக்கும் அந்த எலும்புக்கும் நடுவிலுள்ள தசைகளுக்கு வலு சேர்க்கும் பயிற்சி அது.

கழுத்தின் முன்பக்கம் ஒரு எலும்பு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாவடி எலும்பு, மருத்துவர்கள் சொல்லும் ஹயாய்டு. பெரியவர்களின் உடலில் உள்ள 206 எலும்புகளில் இதுவும் ஒன்று. உடலின் நடு அச்சில் 80 எலும்புகள்: மண்டையோட்டில் 22, முதுகெலும்பில் 26, மார்புக்கூட்டில் 25, இரு காதுகளுக்குள் 6. மிச்சமிருக்கும் ஒன்றுதான் இது. லாட வடிவில், மூன்றாவது கழுத்து முள்ளெலும்பின் மட்டத்தில், வேறெந்த எலும்பையும் தொடாமல் தசைகளிலும் தசைநார்களிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. சதை மக்கிவிட்டால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அதனாலேயே பழைய புதைகுழிகளில் இது அரிதாகக் கிடைக்கிறது.

எல்லாப் புத்தகங்களும் இதைத் தனி எலும்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இது ஏன் தனியானது, எப்போதுமே இப்படித்தான் இருந்ததா என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். முதல் பதில் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையில்.

"நாக்கு மட்டும் போதுங்களா?" என்றார் கடைக்காரர். அடியிலிருக்கும் எலும்பு உடையாமல் வேண்டும் என்றேன். ஆட்டுத் தலையில் காதுக்குப் பக்கத்தில் கத்தியை விட்டு நெம்பித்தான் அவரால் எடுக்க முடிந்தது. வீட்டில் வேகவைத்துச் சதையைக் களைந்து பார்த்தேன். நாக்கின் வேரில் குறுக்காக ஒரு சிறு எலும்பு. அதன் இரு ஓரத்திலும் குட்டித் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து மேலேறி, விரல் நீளத்துக்குத் தட்டையான ஒரு எலும்பில் முடிந்தன. அதன் மேல்நுனிதான் காதடியில் மண்டையோட்டோடு குருத்தெலும்பால் ஒட்டியிருந்தது. ஆட்டுக்கு இது தனி எலும்பே அல்ல, மண்டையோட்டிலிருந்து இறங்கும் ஒரு சங்கிலி.

நம்மிடமும் அந்தச் சங்கிலி இருந்திருக்கிறது. மேல்துண்டு நம் காதுக்குக் கீழே மண்டையோட்டோடு சேர்ந்து ஊசிபோன்ற நீட்சியாக நிற்கிறது. நடுத்துண்டுகள் எலும்பாகாமல் மெல்லிய தசைநாராகிவிட்டன. கீழ்த்துண்டு, நாவடி எலும்பின் மேல் நெல்மணி அளவுக்கு ஒரு சிறு கொம்பாக உட்கார்ந்திருக்கிறது. கருவின் நான்காம் வாரத்தில் கழுத்துப் பகுதியில் தோன்றும் வளைவுகளில் இரண்டாவதிலிருந்துதான் இவையெல்லாம் உருவாகின்றன. எலும்பின் பெரிய கொம்புகள் மூன்றாவது வளைவிலிருந்து வருகின்றன. அந்த இரண்டாம் வளைவின் குருத்தெலும்புக்கு இன்றும் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் ரைக்கர்ட்டின் பெயர்தான். காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகளும் இந்த வளைவுகளிலிருந்தே பிறக்கின்றன என்பதை 1837இல் எழுதியவர் அவர். நம் உடலின் மிகச் சிறிய எலும்பான காதின் அங்கவடி எலும்பு, நாவடி எலும்போடு ஒரே வளைவில் பிறந்தது! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூலத்தைத் தேடி உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். ரோகு மீனின் தலையில் தாடையை மண்டையோட்டோடு பிணைத்து நிறுத்தும் உறுதியான எலும்பு ஒன்று உண்டு. செவுள்களைத் தாங்கும் வளைவுகளுக்கு முன்னால் நிற்கும் அந்த இரண்டாம் வளைவின் மேல்பகுதி அது. பல கோடி ஆண்டுகளில் அது சுருங்கிச் சுருங்கி நம் காதுக்குள் போய் அங்கவடியானது. அதே வளைவின் கீழ்ப்பகுதி வாயின் அடித்தளத்தைத் தாங்கியது. நாக்கு வந்தபோது நாக்கைத் தாங்கியது.

ஒவ்வொரு விலங்கும் இதைத் தன் தேவைக்கு வளைத்துக்கொண்டது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் கத்திக்கொண்டே மரம் மாறும் பொன்முதுகு மரங்கொத்தியை எல்லோரும் பார்த்திருப்போம். நம் பெரிய கொம்புகளுக்கு நிகரான அதன் எலும்புகள் மண்டையின் பின்புறமாக ஏறி, உச்சியைச் சுற்றி, அலகின் அடிவரை வருகின்றன. பட்டைக்குள் இருக்கும் புழுவை நோக்கி நாக்கு அத்தனை தூரம் பாய்வது அதனால்தான். ஆனைமலைப் புலிக்கும் சிறுத்தைக்கும் சங்கிலியின் ஒரு துண்டு எலும்பாகாமல், இழுபடும் தசைநாராக இருக்கிறது. வீட்டுப் பூனைக்கு முழுக்க எலும்பு. கர்ஜனைக்கு இதுவே காரணம் என்று 1916இல் ரெஜினால்டு போகாக் கருதினார். ஆனால் அதே அமைப்புள்ள பனிச்சிறுத்தை கர்ஜிப்பதில்லை. பருத்த குரல்நாண்களே முக்கியக் காரணம் என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மனிதப் பேச்சு விஷயத்திலும் அதே எச்சரிக்கை வேண்டும். 1983இல் இஸ்ரேலின் கெபாரா குகையில், சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முந்தைய நியாண்டர்தால் மனிதரின் நாவடி எலும்பு கிடைத்தது. வடிவில் அது நம்முடையதைப் போலவே இருந்தது. எத்தியோப்பியாவின் டிகிகாவில் கிடைத்த 33 லட்சம் ஆண்டுப் பழமையான குழந்தையின் எலும்போ மனிதக் குரங்குகளுடையதை ஒத்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் தொண்டை மாறியிருக்கிறது என்பது நிச்சயம். ஆனால் ஒற்றை எலும்பை வைத்து ஒருவர் பேசினார் என்று தீர்ப்பெழுத முடியாது.

அறுந்த சங்கிலி சிலருக்குத் திரும்பவும் முளைக்கிறது. நீண்டுவிட்ட ஊசி எலும்பும் எலும்பாகிப்போன தசைநாரும் தரும் தொண்டைவலியை 1937இல் அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் விவரித்தார். அந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கோவையில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கும் நண்பர், பெயரை மறைத்து ஒரு ஸ்கேன் படத்தைக் காட்டினார். காதடியிலிருந்து நாவடிவரை, ஆட்டுத் தலையில் நான் கண்டதுபோலவே, துண்டு துண்டாக எலும்பு இறங்கியிருந்தது. தொண்டையில் மீன்முள் சிக்கியிருப்பதாக நினைத்து அந்த நோயாளி மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார். வாய் வழியாகவே அந்த எலும்பில் ஒரு பகுதியை எடுத்த பிறகு வலி விட்டுப்போனதாம்.