ரூயி மண்டியில் ஒரு முற்பகல்

தீபாவளி கழிந்து இரண்டு வாரம் சென்றதும் தில்லித் தமிழர் இல்லங்களில் ஒரே விதமான வேலைகள் தொடங்கிவிடுகின்றன. மின்விசிறிகளுக்குப் பழந்துணியால் உறை கட்டுகிறோம்; கூலரின்மேல் தார்ப்பாயைப் போர்த்துகிறோம்; கட்டிலின் அடியிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்து, எட்டு மாத காலம் அந்துருண்டைகளோடு உறங்கிய ரஜாய்களை மொட்டை மாடியில் வெயிலுக்கு விரிக்கிறோம்.

நக்கீரரின் நெடுநல்வாடையைப் படித்தவர்களுக்கு இக்காட்சி புதியதன்று. அங்கேயும் வாடைக்காலத்தில் விசிறிகளை மூடித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவற்றில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. அகன்ற வாயுள்ள தடவுகளில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள். அரசியின் கட்டிலிலோ அன்னத்தின் தூவியால் ஆன அணை விரித்திருக்கிறது. பஞ்சணையில் ஐந்து வகை உண்டு என்பது பழந்தமிழ் வழக்கு. அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என்பன அவை. பறவையின் தூவியையும் செடியின் பஞ்சையும் நம் முன்னோர் ஒரே வரிசையில் வைத்தது பொருத்தமே என்பதை இக்கட்டுரையின் போக்கில் வாசகர்கள் காண்பார்கள்.

மதுரையிலும் தஞ்சையிலும் மார்கழிக்கு ஒரு கைத்தறிப் போர்வை போதும். தில்லியின் கதை வேறு. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 7 டிகிரி அளவுக்கு இறங்கும். 1935ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் சப்தர்ஜங்கில் அது சுழியத்துக்கும் கீழே 0.6 டிகிரி வரை சென்றதாகப் பதிவு இருக்கிறது. ஆகவே, தெற்கிலிருந்து வந்து இங்கே குடித்தனம் அமைத்தவர்கள் முதல் குளிர்காலத்திலேயே வாங்கிய பொருள் ரஜாய். பல வீடுகளில் அந்த முதல் ரஜாய் இன்னும் இருக்கிறது. உறை மூன்று நான்கு முறை மாறியிருக்கும். உள்ளே இருக்கும் பஞ்சு மாறவில்லை.

அண்மைக் காலமாக நாம் காண்பது வருத்தம் தருகிறது. ரஜாய் கனத்துவிட்டது, கட்டி தட்டிவிட்டது, தும்மல் வருகிறது என்று சொல்லி, அதைப் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் சொற்ப விலைக்குப் போட்டுவிட்டு, பாலியெஸ்டர் அடைத்த பளபளப்பான போர்வைகளை வாங்கி வருகிறார்கள். பாட்டி வாங்கிய ரஜாயைப் பேரன் இவ்வாறு தள்ளிவிடுமுன், அதை ஒரு முறை பஞ்சு கொட்டும் பொறியிடம் கொண்டு போயிருக்கலாமே என்று தோன்றியது. அந்தப் பொறியை நேரில் பார்த்து எழுதுவோம் என்று சென்ற கார்த்திகையில் புறப்பட்டோம்.

இப்பொறி தில்லியின் பல பேட்டைகளில் உண்டு. ஆயினும் பஞ்சின் பெயரையே தாங்கிய இடத்தைப் பார்க்க விரும்பிச் சதர் பஜாரில் உள்ள ரூயி மண்டிக்குச் சென்றோம். ரூயி என்றால் இந்தியில் பஞ்சு. சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால் 1650இல் கட்டப்பெற்ற பதேபுரி மசூதி வரும். அதன் பக்கத்தில் காரி பாவலி. மிளகாய் வற்றலின் நெடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைக் கடந்து, ரயில் பாதைக்கு அப்பால் சென்றால் சதர் பஜார். கைவண்டிகளும் தலைச்சுமைக்காரர்களும் நம்மை நடத்தமாட்டார்கள். தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ப்பார்கள். மண்டியில் இன்று பலவகைச் சரக்குக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. பஞ்சைத் தேட வேண்டியதில்லை. எந்தச் சந்தில் மனிதர்களின் புருவம் நரைத்திருக்கிறதோ அந்தச் சந்தில் பொறி ஓடுகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

பொறி வருமுன் இருந்தது வில். ஆள் உயரத்துக்கு நீண்ட மரவில்லில் நரம்பை இறுகக் கட்டி, அந்த நரம்பு பஞ்சுக் குவியலைத் தொடும்படி பிடித்து, இரு முனையும் பருத்து நடுவில் சிறுத்த மரக்கட்டையால் அதைத் தட்டுவார்கள். நரம்பு அதிரும்போது பஞ்சு இழை இழையாகப் பிரிந்து எழும்; தூசும் விதைத் துணுக்கும் கீழே உதிரும். குளிர்காலத்தின் தொடக்கத்தில், வில்லைத் தோளில் சாய்த்து, அதன் நரம்பை மீட்டிக்கொண்டே தெருவில் செல்லும் துனியாக்களின் ஓசையைக் கரோல் பாக்கிலும் லோதி காலனியிலும் வாழ்ந்த நம் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கூவி அழைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருந்ததில்லை.

இந்த வில் முஸ்லிம் ஆட்சியோடுதான் இந்நாட்டுக்கு வந்தது என்று வரலாற்றாசிரியர் சிலர் ஒரு காலத்தில் கருதியதுண்டு. நற்றிணை படித்த தமிழருக்கு அந்த ஐயம் எழாது. அந்நூலின் 299ஆம் பாட்டில் காற்று மோதிய அலையின் பிசிருக்கு வில்லால் அடித்த பஞ்சு உவமையாக வருகிறது. கடற்கரையில் நின்ற புலவர் பஞ்சு கொட்டும் முற்றத்தையும் கண்டிருக்கிறார்.

பஞ்சு கொட்டுவோர் எளிய மக்கள்; அவர்கள் மரபு எளியதன்று. 922ஆம் ஆண்டு பாக்தாதில் கொலைத்தண்டனை பெற்ற சூபி ஞானி மன்சூர் அல் ஹல்லாஜின் பெயரில் உள்ள ஹல்லாஜ் என்ற சொல்லுக்கே பஞ்சு கொட்டுபவர் என்பது பொருள். அவர் நினைவாகத்தான் வட நாட்டில் இத்தொழிலைச் செய்யும் முஸ்லிம்கள் தம்மை மன்சூரி என்று அழைத்துக்கொள்கிறார்கள். 1603இல் மறைந்த ராஜஸ்தானத்துப் பக்தர் தாது தயாளும் பஞ்சு கொட்டும் குடியில் வளர்ந்தவர் என்று மரபு கூறுகிறது.

இனி, பொறிக்கு வருவோம். படுத்திருக்கும் மர அலமாரி போன்ற ஒரு பெட்டி. பக்கத்தில் ஒரு மின்மோட்டார். இரண்டையும் இணைக்கும் தோல்வார். பெட்டியின் வாயில் இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் சுழல்கின்றன. தொழிலாளி பழைய ரஜாயின் உறையைப் பிரித்து, அழுக்கேறிய பாளம் போலக் கிடக்கும் பஞ்சைக் கையால் கிழித்து அந்த உருளைகளிடையே கொடுக்கிறார். உள்ளே, உடலெங்கும் இரும்புப் பற்கள் பதித்த ஓர் உருளை மிகு வேகமாகச் சுழல்கிறது. அந்தப் பற்கள் பாளத்தைச் சிறிது சிறிதாகப் பறித்து உதறுகின்றன. கனமான தூசும் மண்ணும் விதைத் தோலும் அடியில் உள்ள கம்பிச் சட்டத்தின் இடைவெளியில் விழுந்துவிடுகின்றன. லேசானது சுழற்சியின் காற்றோடு மறுபுறம் பறந்து, கம்பிவலை அடித்த ஓர் அறைக்குள் சென்று படிகிறது. ஒரு சாண் உயரமாக உள்ளே சென்றது இடுப்பளவு உயர்ந்து வெளியே நிற்கிறது. சிம்லாவுக்குச் செல்லாமலே பனிப்பொழிவைக் கண்டோம் என்று உடன் வந்த நண்பர் சொன்னார். அதில் மிகை இல்லை.

எடை கூடவில்லை, சிறிது குறைந்தும் இருக்கிறது. பின் பெருகியது எது? காற்றுதான். உண்மையில் குளிரைத் தடுப்பது பஞ்சு அன்று. அதன் இழைகளிடையே அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றே தடுக்கிறது. உடலின் ஈரமும் பாரமும் ஆண்டுக்கணக்கில் பஞ்சை அழுத்தி அந்தக் காற்றை வெளியேற்றிவிடுகின்றன. ரஜாய் கனப்பதும் குளிர்வதும் அதனால்தான். பஞ்சு செத்துப்போனதால் அன்று.

வெளிநாடுகளில் வாத்து, வாத்தினப் பறவைகளின் தூவியைப் பிரிக்கும் பொறிகளும் இதே நெறியில் இயங்குகின்றன. இறகுகளைக் கழுவி, உலர்த்தி, சல்லடை உருளையில் சுழற்றித் தூசு நீக்கியபின், உயர்ந்த அறைகளுக்குள் காற்றால் ஊதிவிடுவார்கள். அறைகளுக்கிடையே தடுப்புச் சுவர்கள் இருக்கும். நடுத்தண்டு உள்ள இறகு கனத்தால் முதல் அறையிலேயே விழுந்துவிடும்; தண்டில்லாத தூவி மட்டும் சுவர்களைத் தாண்டிக் கடைசி அறைக்குப் போய்ச் சேரும். நம் களத்தில் நெல் தூற்றும்போது மணி அருகில் விழும், பதர் தொலைவில் போகும். இங்கே தொலைவில் போவதுதான் விலை உயர்ந்தது. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் பிஞ்ச் என்பவர் பலூன் துணிக்குள் தூவி அடைத்த அங்கியை அணிந்து சென்றபோது உடன் சென்றவர்கள் நகைத்தார்களாம். இன்று தில்லிக் கடைவீதிகளில் தூவிச் சட்டைகள் தொங்குகின்றன. வசதி உள்ளவர்கள் வாங்குகிறார்கள். நம் போன்றோர்க்குப் பஞ்சே தூவி.

பொறியை ஓட்டியவர் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்; அறுபது வயது இருக்கலாம். அவரைச் சாச்சா என்றே எல்லோரும் அழைத்தனர். "வில் பஞ்சைத் தட்டி எழுப்பும் பாபுஜி, பொறி அதைப் பிய்த்து எழுப்பும்" என்றார். ஆயினும், கையால் ஒரு நாள் கொட்டும் ரஜாயை இது அரை மணியில் முடித்துவிடுகிறது. வில்லுக்கு உரிய கூலியை இந்நாளில் எவர் தருவார் என்று அவரே விடையும் சொன்னார். அவருக்குப் பருவம் மூன்று மாதம். மாசி பிறந்ததும் ஊருக்குப் போய் நிலத்தில் கூலி வேலை. பிழைப்புக்காகத் தில்லிக்கு வந்தவர்கள் நாம் மட்டும் அல்லர்.

பேசும்போது இடையிடையே இருமினார். முகத்தில் கட்டிய துண்டு ஒன்றே அவருக்கு இருந்த காப்பு. பஞ்சுத் தூசு ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் நெஞ்சு இறுகி மூச்சு முட்டும் நோய் வரும் என்பது ஆலைத் தொழிலாளர்களிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஓய்வு நாள் கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் அந்த இறுக்கம் மிகுதியாக இருப்பது அதன் அடையாளம். வில்லில் பறந்த தூசைவிடப் பொறியில் பறக்கும் தூசு பன்மடங்கு. கதவற்ற சந்தில் வைத்த பொறிக்கு ஒரு தூசு உறிஞ்சும் குழாயைப் பொருத்துவது பெரிய வித்தை அன்று. அதைச் செய்வாரைக் காணோம். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அரை மணி நின்றோம். அவர் காலை முதல் விளக்கு வைக்கும்வரை நிற்கிறார்.

கொட்டிய பஞ்சை நிரப்புவது தனிக் கலை. புது உறையை உட்புறம் வெளியே தெரியும்படி தரையில் விரித்து, அதன்மேல் பஞ்சைச் சமமாகப் பரப்பி, மெல்லிய கம்பால் தட்டுகிறார்கள். பின்பு பஞ்சையும் உறையையும் சேர்த்துப் பாய் போலச் சுருட்டி, திறந்த வாய் வழியே புரட்டி எடுக்கிறார்கள். கண்மூடித் திறப்பதற்குள் பஞ்சு உள்ளேயும் துணி வெளியேயும் ஆகிவிடுகிறது. இருமுறை பார்த்தும் அந்தக் கைத்திறன் நமக்குப் பிடிபடவில்லை. அதன்பின் நீண்ட ஊசியால் பெரிய பெரிய தையல். இதைச் செறிவாகப் போடச் சொல்ல வேண்டும். இல்லையேல் அடுத்த தைக்குள் பஞ்சு ஒரு மூலையில் ஒதுங்கிவிடும்.

குறைந்துபோன எடைக்கு ஈடாகச் சிறிது புதுப் பஞ்சு சேர்ப்பது நல்லது. பற்களில் சிக்கி முறிந்த இழைகளுக்கு அது துணை நிற்கும். புதுப் பஞ்சில் குட்டை இழையுள்ள நாட்டுப் பருத்தியைக் கேளுங்கள். நூற்பதற்கு அது தாழ்ந்தது. ரஜாய்க்கு அதுவே உயர்ந்தது, அழுத்தினாலும் மீண்டும் எழும். ஆலைக் கழிவைப் புதுப் பஞ்சென்று சொல்லிச் சேர்ப்பவர்களும் உண்டு; ஒரு பிடியை எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால் நிற நூல் துணுக்குகள் காட்டிக் கொடுத்துவிடும். ஊரிலிருந்து வந்த இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். போடிநாயக்கனூரின் அந்தப் பஞ்சு வழுவழுப்பானது, எளிதில் முறிவது. இந்தப் பற்களுக்குத் தாங்காது. அதற்கு வெயில் ஒன்றே மருந்து.

காலையில் கொடுத்தால் மாலையில் பெற்றுக்கொள்ளலாம். கொடுக்கும்போது நம் கண்முன் நிறுத்துச் சீட்டில் எழுதச் சொல்வது வழக்கம். திருப்பி வாங்கும்போதும் அப்படியே. கார்த்திகைக்குள் போய்விடுங்கள். மார்கழி பிறந்துவிட்டால் சாச்சாவின் பொறிக்கு முன்னால் ரஜாய் மூட்டைகள் வரிசையில் நிற்கும், நம் முறை வருவதற்குள் வாரம் ஒன்றாகிவிடும். அந்த வாரம் முழுவதும் எதைப் போர்த்திக்கொள்வது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.