அந்த ஒரு நாளும் மற்ற நாட்களும்



பிழைப்புக்காக ஊரை விட்டு நகரத்திற்கு வந்த நாம், பெரிய தீர்மானங்களை மிகுந்த யோசனையோடு எடுக்கிறோம். எந்த வேலையை ஏற்பது, எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது, பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பெரியவர்களிடம் கேட்கிறோம், ஜெபிக்கிறோம், கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். ஆனால் ஆண்டுகள் கழித்து நம் உள்ளத்தை அரிக்கிறவை பெரும்பாலும் அவை அல்ல. யோசிக்காமலே எடுத்த சிறிய தீர்மானங்களே நம்மை அரிக்கின்றன. "அப்புறம் பேசலாம்", "நாளைக்குப் பார்க்கலாம்", "இதனால் என்ன ஆகிவிடப் போகிறது" என்ற மூன்று வாக்கியங்களுக்குள் அவை அடங்கிவிடும். அப்படிப்பட்ட வருத்தம் நம்மை வாட்ட மட்டும்தானா, அல்லது அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் ஏதேனும் உண்டா?

நான் குடியிருக்கும் பேகம்பேட்டில், பழைய விமான நிலையத்தின் அருகே, இதைக் குறித்து என்னைச் சிந்திக்க வைத்த ஒரு கட்டடம் இருக்கிறது. சர் ரொனால்ட் ராஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் மலேரியாவைப் பற்றி ஆராய்ந்த இடமாக அது நினைவுகூரப்படுகிறது. அவர் பெயரைத் தாங்கிய ஒட்டுண்ணியியல் நிறுவனம் அங்கே உண்டு. அதன் வழியாகப் போய்வரும் நம்மவர்களில் பலர் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

ராஸ் 1883-ல் பெங்களூரில் இளம் இராணுவ மருத்துவராக இருந்தார். தம் அறையில் மட்டும் கொசுக்கள் அதிகமாக இருப்பதைக் கண்டு காரணம் தேடினார். ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசுக்கள் குறைந்தன. மற்றத் தொட்டிகளையும் அப்படியே செய்யலாம் என்று படைப்பிரிவின் அதிகாரி ஒருவரிடம் சொன்னார். அந்த அதிகாரியோ, அது இயற்கையின் ஒழுங்கைக் குலைப்பதாகும் என்று மறுத்துவிட்டார். இச்சம்பவத்தை ராஸ் 1923-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு அன்று நிரூபிக்கப்படவில்லை. ஆகவே மலேரியாவுக்காக அந்த அதிகாரியைக் குற்றஞ்சாட்டுவது நியாயமல்ல. ஆனால் கையால் தள்ளிவிடக்கூடிய ஒரு தொட்டியை, சோதித்துப் பார்க்கக்கூட அவர் சம்மதிக்கவில்லை. தெரியாமற்போனது வேறு, பார்க்க மறுத்தது வேறு. நம்முடைய வருத்தங்களையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1895-ல், ராஸ் செகந்திராபாத்திற்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, இடையிடையே தடைபட்டாலும், கொசுக்களை அறுத்துச் சோதித்தார். அவர் சோதித்தவற்றில் பெரும்பாலானவை மனிதருக்கு மலேரியாவைப் பரப்பாத வகைகள். ஆகஸ்ட் வெயிலில் விசிறியும் போட முடியாது. போட்டால் கொசுக்கள் பறந்துவிடும். அவருடைய வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. 1897 ஆகஸ்ட் 16-ந் தேதி, வேறொரு வகையைச் சேர்ந்த, புள்ளிச் சிறகுள்ள சில கொசுக்கள் கிடைத்தன. உசேன் கான் என்ற மலேரியா நோயாளியை அவை கடித்தன. கொசுக்கடி ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. ஆகஸ்ட் 20-ந் தேதி, எஞ்சியிருந்தவற்றில் ஒன்றைச் சோதித்தபோது, களைத்துப்போய், இதனால் என்ன பயன் என்று எண்ணியதாக ராஸ் பின்னாளில் எழுதினார். ஆனாலும் பார்வையை விலக்கவில்லை. கொசுவின் வயிற்றுச் சுவரில், அதுவரை கண்டிராத, கரும்புள்ளிகள் கொண்ட உருண்டை வடிவங்களைக் கண்டார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வீணாய்ப்போன நாட்கள் எத்தனை! ஆனால் சாதாரணமான கொசு வயிறு எப்படி இருக்கும் என்று அந்த நாட்களில் அவர் கண் பழகியிருந்ததால்தான், வித்தியாசமானதைக் கண்டவுடன் அடையாளம் காண முடிந்தது. தவறிப்போன முயற்சிகளை அவர் தம்மேல் பழியாகச் சுமக்கவில்லை. குறித்து வைத்துப் பாடமாக்கிக்கொண்டார்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். எங்கள் மாடியில் ஒரு தமிழ்ச் சகோதரி குடியிருக்கிறார். கோடை முடிந்த பின்னும் அவர்கள் வீட்டுக் கூலர் பால்கனியிலேயே நின்றது. அதற்குள் தண்ணீரும் நின்றது. ஒரு சனிக்கிழமை அதைக் கழுவ எண்ணியவர், விருந்தினர் வந்ததால் விட்டுவிட்டார். அந்த மாதமே அவருடைய ஏழு வயது மகனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாட்கள் மருத்துவமனையில் இருந்து, பையன் நலமாய்த் திரும்பினான். தாயோ நலமாய்த் திரும்பவில்லை. "அந்தச் சனிக்கிழமை நான் கழுவியிருந்தால்" என்று பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கொசு அந்தக் கூலரில்தான் பிறந்ததா? யாராலும் சொல்ல முடியாது. டெங்குக் கொசு பகலில் கடிப்பது; பள்ளியிலும் கடித்திருக்கலாம். ஆனால் முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை ஆகும் என்பதும், அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதும் அறியப்பட்ட உண்மைகள். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். இதை அறிந்த பின் அந்தச் சகோதரி, கடந்துபோன ஒரு சனிக்கிழமையை விட்டுவிட்டு, வரப்போகிற எல்லாச் சனிக்கிழமைகளையும் பிடித்துக்கொண்டார். இப்போது எங்கள் பூந்தொட்டித் தட்டுகளையும் அவரே வந்து பார்க்கிறார்!

இன்னொரு சகோதரர் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவர். வேலை முடிந்து ரயிலில் நெரிசலில் நின்றபோது ஊரிலிருந்து தகப்பனார் அழைத்தார். இரவு பேசலாம் என்று துண்டித்துவிட்டார். இரவு வேலை மிகுதியால் மறந்துபோனார். விடியற்காலையில் வந்த செய்தி, தகப்பனார் இல்லை என்பது. அந்த ஓர் அழைப்பு அவரை நெடுநாள் வருத்தியது. பல மாதங்களுக்குப் பின் அவரே என்னிடம் சொன்னார்: "அந்த ஒரு நாள் மட்டும் இல்லை அண்ணே. அப்பா நாலு தடவை கூப்பிட்டால் ரெண்டு தடவைதான் எடுப்பேன். அதுதான் விஷயம்." அன்று முதல் அவர் அழுகையில் ஒரு மாற்றம் உண்டானது. இப்போது தினமும் பேகம்பேட் ரயில் நிலையத்தில், வண்டி வருமுன்னே, தாயாரை அழைக்கிறார். சொல்ல ஒன்றும் இல்லாத நாட்களில் ஊரில் மழை பெய்ததா என்று கேட்கிறார்.

பிரியமானவர்களே, வருத்தம் எப்போதும் ஒரே ஒரு நாளைச் சுட்டிக்காட்டும். பாடமோ அந்த நாளுக்கு முந்திய சாதாரண நாட்களில் இருக்கிறது. பேதுருவும் யூதாசும் ஏறக்குறைய ஒரே வேளையில்தான் மனம் நொந்தார்கள். ஒருவர் அந்த இரவோடு முடிந்துபோனார். மற்றவர் அந்த இரவுக்குப் பின்னும் நடந்தார். மனஸ்தாபத்திற்கும் மனந்திரும்புதலுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

ஆகவே ஒரு சிறிய தீர்மானம் உங்கள் உறக்கத்தைக் கெடுக்குமானால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அதன் விளைவு அன்று எனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருக்கவில்லை என்றால் பாரத்தை இறக்கி வையுங்கள், அது உங்களுடையதல்ல. தெரிந்தும் தள்ளிப்போட்டேனா? ஆம் என்றால், அது எந்தப் பழக்கத்தின் பிள்ளை என்று கண்டுபிடித்து, அந்தப் பழக்கத்தின் இடத்தில் ஒரு நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். கூலருக்குச் சனிக்கிழமை, தாயாருக்கு மாலை வண்டிக்கு முன். நேற்றையத் தொட்டியை யாராலும் கவிழ்க்க முடியாது. இன்று ஜன்னலுக்கு வெளியே நிற்பதைக் கவிழ்க்க ஒரு கை போதும்.