காபி போட்ட துண்டு

போன வருஷம் நடந்த கதை. மறுநாள் காலையில் கணக்குப் பரீட்சை. ஐந்து யூனிட்டில் மூன்றைத் தொடவே இல்லை. வழக்கம்போல நைட் அவுட்தான் என்று முடிவு செய்து, மெஸ் அண்ணனைக் கெஞ்சி ஒரு ஃபிளாஸ்க் நிறைய காபி வாங்கி வைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு முதல் டம்ளர், விடியற்காலை நான்கு மணிக்கு ஐந்தாவது. ஒரு கொட்டாவிகூட வரவில்லை. அன்று ராத்திரி நான்தான் ராமானுஜன்!

காலையில் கேள்வித்தாள் கைக்கு வந்ததும் கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. ராத்திரி இரண்டு முறை போட்டுப் பார்த்த அதே கணக்கு வந்திருந்தது. முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரி ஞாபகத்துக்கு வரவே இல்லை. அந்தப் பேப்பர் அரியர்.

தூக்கமே வரலையே, அப்புறம் ஏன் மறந்தது? அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்கான ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால் அசதி வரும், கண் சொக்கும். காஃபீனின் உருவம் கிட்டத்தட்ட அடினோசின் மாதிரியே இருக்கும். நாம் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது போல, அது முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடும். அடினோசின் எங்கேயும் போகவில்லை, நின்றுகொண்டே வருகிறது. காஃபீன் இறங்கியதும் மொத்தக் கூட்டமும் உட்காரும். அப்போது அடிக்கும் பாருங்கள் ஒரு அசதி!

ஆக, காபி தூக்கத்தைத் தருவதில்லை, தூக்கம் வருவதை மறைக்கிறது. படித்ததை மூளை நிலையாகப் பதிய வைக்கத் தூக்கம் வேண்டும். அதைத்தான் நான் வெட்டிவிட்டேன். கை நடுக்கமும் படபடப்பும், காஃபீன் அட்ரினலினைத் தூண்டிவிடுவதால் வருபவை.

கோபத்தில் மறுநாளே காபியை நிறுத்தினேன். மண்டை பிளந்தது. காஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் அவை விரியும். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பித்துவிடும். "காலையில காபி இல்லன்னா தலை வலிக்குதுடா" என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். ஸாரி பாட்டி!

காபி விஷம் ஒன்றும் இல்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பயமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது. அளவைவிட நேரம்தான் என்னைக் கவிழ்த்தது. குடித்ததில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் இப்போதெல்லாம் மாலை நான்கு மணிக்கு மேல் காபி தொடுவதில்லை.

அரியர் எழுதியதற்கு முந்தின ராத்திரி பத்தரைக்கே படுத்துவிட்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனால் இரண்டாவது வரி ஞாபகம் வந்தது :-)