காற்றுப் பிடித்த கிளட்ச்

1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று அப்பாவின் பட்டறைக்கு இன்றும் வருகிறது. அதன் கிளட்ச் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் இயங்குவது. சென்ற மாதம் மிதி தரையோடு படுத்துவிட்டது, கியர் கரகரத்தது. வேறொரு பட்டறையில் கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றார்களாம். அதை மாற்றக் கியர் பாக்ஸையே கழற்ற வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர் வண்டியை விற்றுவிடவே நினைத்தார்.

அப்பா மிதியை நான்கைந்து முறை விடாமல் அழுத்தினார். கியர் விழுந்தது. "பிளேட் நல்லாத்தான் இருக்குங்க. காத்து புடிச்சிருக்கு" என்றார்.

திரவம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். மிதிக்கும் விசை காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நான் இதைப் பாஸ்கல் விதியோடு சேர்த்துப் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற அப்பாவுக்கு அது காலிலேயே தெரிகிறது.

ஆயில் கசிகிற இடத்தைத் தேடினோம். மிதியருகே மாஸ்டர் சிலிண்டர் காய்ந்திருந்தது. கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கினேன், விரல் நனைந்தது. உள்ளிருந்த வாஷரை மாற்றி, அப்பா மிதிக்க நான் நிப்பிளைத் திறந்து மூட, குமிழி நிற்கும்வரை காற்றெடுத்தோம். இடையில் மேலே ஆயில் குறைந்தால் மறுபடியும் காற்று புகும்; அதனால் ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

கூலியைக் கேட்ட பெரியவர், "இவ்வளவுதானாப்பா?" என்று இரண்டு முறை கேட்டார்.